அவுட்டோர் ஷூட்டுக்கு எந்த ஃபிளாஷ் வாங்கலாம்? 200-ஆ, 600-ஆ... அடி அண்ணாமலை வெயில் சொல்லும் கணக்கு!

திருமண ஜோடிகளின் அவுட்டோர் ஷூட்டுக்கு ஃபிளாஷ் லைட் வாங்க நினைக்கும் போட்டோகிராபர்கள் முதலில் கேட்கும் கேள்வி, "எத்தனை வாட்ஸ்?" என்பதுதான். கடைக்காரரும் பெரியதையே எடுத்துக் காட்டுவார். ஆனால் ஒரு சீசன் சம்பாத்தியத்தையோ, கடன் வாங்கிய பணத்தையோ கொட்டி வாங்கும் லைட், வேலைக்கு ஒத்துவராமல் பீரோவில் தூங்கினால் நஷ்டம் யாருக்கு? எதைப் பார்த்து வாங்க வேண்டும், எதற்குக் காசு கொடுக்க வேண்டாம் என்பதை, பலரும் ஷூட் செய்ய விரும்பும் ஓர் இடத்தை வைத்தே பார்க்கலாம். அந்த இடம், திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் இருக்கும் அடி அண்ணாமலை.

ஏன் அடி அண்ணாமலை?

அருணாசலேஸ்வரர் கோயில் மலைக்குக் கிழக்கே இருக்கிறது. அடி அண்ணாமலை இருப்பது அதற்கு எதிர்ப்புறம், மலையின் மேற்கும் வடமேற்குமான பக்கத்தில். 14 கி.மீ. கிரிவலத்தில் வருண லிங்கத்தைத் தாண்டி வாயு லிங்கத்துக்குப் போகும் வழியில் இந்த ஊர் வரும். ஆதி அருணாசலேஸ்வரர் கோயிலும், மாணிக்கவாசகர் திருவெம்பாவை பாடியதாகச் சொல்லப்படும் இடத்தில் அவருக்கான கோயிலும் இங்கேதான் உள்ளன.

போட்டோகிராபருக்கு இதில் என்ன இருக்கு? நிறைய இருக்கு. காலையில் சூரியன் மலைக்குப் பின்னாலிருந்து வருகிறது. அதுவும் தை மாதக் கல்யாண சீசனில் சூரியன் தென்கிழக்கு சாய்வாக உதிப்பதால், கிட்டத்தட்ட மலையின் முதுகிலேயே ஏறி வரும். மலையைப் பின்னணியாக வைத்து ஜோடியை நிறுத்தினால் வானம் வெள்ளை, மலை கறுப்பு, முகம் இருட்டு. அதே இடத்தில் மாலை 5 மணிக்கு நிறுத்தினால் கதையே வேறு. மேற்கிலிருந்து வரும் வெயில் மலை மீதும் விழும், ஜோடியின் முகத்திலும் விழும். ஃபிளாஷே தேவைப்படாது.

அதனால் முதல் கேள்வி "எத்தனை வாட்ஸ்" கிடையாது. "நம்ம வேலை பெரும்பாலும் எந்த நேரத்தில்?" என்பதுதான். 1950 ஏப்ரலில் ரமண மகரிஷியின் கடைசி நாட்களைப் படமெடுத்த பிரெஞ்சு போட்டோகிராபர் ஹென்றி கார்ட்டியே-பிரெஸ்ஸோன், ஃபிளாஷையே வெறுத்தவர் என்று பெயரெடுத்தவர். மாலை வெளிச்சம் மட்டும் போதும் என்பவர்களுக்கு ஒரு மடக்கு ரிஃப்ளெக்டரே போதும். இந்தக் கட்டுரையே தேவையில்லை. முகூர்த்தம் முடிந்து காலை 9, 10 மணிக்கு ஜோடியை அழைத்து வருபவர்களுக்குத்தான் மீதி எல்லாம்.

வாட்ஸ் என்றால் உண்மையில் என்ன?

ஃபிளாஷின் சக்தியை வாட்-செகண்ட் என்ற அளவில் சொல்வார்கள். கடைப் பேச்சில் அது 'வாட்ஸ்' ஆகிவிட்டது. கெப்பாசிட்டரில் சேர்த்து வைத்த மின்சாரத்தை செனான் வாயு நிரப்பிய ட்யூபில் ஒரே நொடிப்பொழுதில் கொட்டுவதுதான் ஃபிளாஷ். 1930-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் எம்ஐடி-யில் ஹெரால்ட் எட்ஜர்டன் உருவாக்கிய அதே அடிப்படைதான் இன்றைக்கும்.

கேமராவின் மேல் மாட்டும் சாதாரண ஸ்பீட்லைட் சுமார் 60 முதல் 76 வாட்-செகண்ட். கோடாக்ஸ் ஏடி200 ப்ரோ 200. ஏடி400 ப்ரோ 400. ஏடி600 ப்ரோ 600. ப்ரோஃபோட்டோ பி10 என்ற ஸ்வீடன் கம்பெனி லைட் 250. விலை லட்சத்தைத் தாண்டும்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். 200-லிருந்து 400-க்குப் போனால் வெளிச்சம் இரண்டு மடங்கு. ஆனால் கேமராவின் கணக்கில் அது ஒரே ஒரு ஸ்டாப். எஃப் 8-ல் எடுத்ததை எஃப் 11-ல் எடுக்கலாம், அவ்வளவுதான். 600 வாங்கினாலும் 200-ஐ விட ஒன்றரை ஸ்டாப் சொச்சம்தான் கூடும். விலையும் எடையும் மட்டும் மடங்கு கணக்கில் ஏறும்.

இதே வித்தியாசத்தை இலவசமாகவும் வாங்கலாம். லைட்டை 2 மீட்டரிலிருந்து 1 மீட்டருக்குக் கொண்டு வந்தால் முகத்தில் விழும் வெளிச்சம் நான்கு மடங்காகும். அதாவது 1 மீட்டரில் நிற்கும் 200 வாட் லைட், 2 மீட்டரில் நிற்கும் 800 வாட் லைட்டுக்குச் சமம். ஃப்ரேமுக்குள் ஸ்டாண்ட் தெரிந்துவிடுமோ என்று பயந்து லைட்டைத் தள்ளி வைப்பவர்கள்தான் பெரும்பாலும் "பவர் பத்தலை" என்று புலம்புபவர்கள். கேமராவை ட்ரைபாடில் வைத்து, லைட் இல்லாமல் ஒரு படம் எடுத்து, பிறகு ஸ்டாண்டை அழித்துச் சேர்த்துக்கொள்வது எடிட்டிங்கில் ஐந்து நிமிட வேலை.

வெயிலை ஜெயிக்க எவ்வளவு வேண்டும்?

மேகமில்லாத பகலில் ஐஎஸ்ஓ 100 வைத்தால், 1/200 நொடி ஷட்டருக்கு ஏறக்குறைய எஃப் 11 வரும். மலையும் வானமும் வெளுத்துப் போகாமல் நிறத்தோடு வர வேண்டும் என்றால் இந்த செட்டிங்கில்தான் எடுக்க வேண்டும். அப்போது நிழலில் இருக்கும் முகத்தை எஃப் 11 அளவுக்குத் தூக்குவது ஃபிளாஷின் வேலை.

200 வாட் லைட்டை ஒரு சின்ன சாஃப்ட்பாக்ஸுக்குள் போட்டு, ஃபுல் பவரில், 2 மீட்டர் தூரத்தில் வைத்தால் ஏறத்தாழ அந்த எஃப் 11 கிடைத்துவிடும். ஒன்றரை மீட்டருக்கு நகர்த்தினால் கொஞ்சம் மிச்சமும் இருக்கும். ஆக, இடுப்பளவோ முழங்கால் அளவோ எடுக்கும் ஜோடிப் படத்துக்கு 200 போதும்.

இரண்டு குடும்பத்தையும் சேர்த்து 15 பேரை வரிசையாக நிறுத்தினால்? லைட் 4 மீட்டராவது தள்ளிப் போகும். தூரம் இரண்டு மடங்கு என்றால் சக்தி நான்கு மடங்கு வேண்டும். கணக்குப்படி 800. அங்கே 600 வாட் லைட்டுக்கு நியாயம் இருக்கிறது. சாஃப்ட்பாக்ஸைக் கழற்றிவிட்டு வெறும் ரிஃப்ளெக்டரோடு அடித்தால் சமாளித்துவிடும்.

ஸ்பீட்லைட்? காலை 7 மணிக்கும், சூரியன் சாய்ந்த பிறகும் நன்றாகவே வேலை செய்யும். 10 மணி வெயிலில் குடை போட்டு அடித்தால் மூச்சு வாங்கும். பெட்டியில் 'கைடு நம்பர் 60' என்று போட்டிருப்பதை நம்பி வாங்கக் கூடாது. அது பெரும்பாலும் ஃபிளாஷ் தலையை 105 அல்லது 200 எம்.எம். ஜூமில் குறுக்கி எடுத்த எண். 35 எம்.எம்-க்கு எவ்வளவு என்று உள்ளே சின்ன எழுத்தில் இருக்கும். ஒப்பிட வேண்டியது அந்த எண்ணைத்தான்.

எல்இடி லைட்டே போதாதா?

இது நியாயமான சந்தேகம். வீடியோவும் எடுக்கலாம், போட்டோவும் எடுக்கலாம் என்று 200 வாட் எல்இடி வாங்குபவர்கள் அதிகம். ஆனால் வெயிலில் கணக்கு உதைக்கும். 200 வாட் எல்இடி, 1/200 நொடி ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தில் செலவழிக்கும் மின்சாரம் ஒரே ஒரு வாட்-செகண்ட். 200 வாட்-செகண்ட் ஃபிளாஷ் அதே இடைவெளிக்குள் 200-ஐயும் கொட்டிவிடும். எல்இடி மின்சாரத்தைக் கொஞ்சம் சிக்கனமாக வெளிச்சமாக்கும் என்றாலும், இந்த இடைவெளியை மூட முடியாது.

மொபைலில் படமெடுப்பவர்களுக்கு மட்டும் நிலைமை தலைகீழ். போன் கேமராக்கள் பொதுவாக ஸ்டுடியோ ஃபிளாஷோடு ஒத்திசைவதில்லை. ரீல்ஸ்தான் தொழில் என்றால் எல்இடி-யே சரி. நிழலிலோ மாலையிலோ எடுத்துக்கொள்ளலாம். போனில் இருக்கும் குட்டி ஃபிளாஷ் சில மீட்டர் தாண்டாது. கார்த்திகை தீபத்தன்று மலை உச்சித் தீபத்தை நோக்கி ஆயிரக்கணக்கான போன்கள் ஃபிளாஷ் அடிக்கும். முன்னால் நிற்பவரின் பின்னந்தலைதான் பளிச்சென்று வரும்!

ஷட்டர் வேகம் என்ற முட்டுக்கட்டை

பின்னணி மங்கலாக, எஃப் 2.8-ல் எடுக்க வேண்டும் என்று இப்போதைய ஜோடிகள் கேட்பார்கள். பகலில் எஃப் 2.8 வைத்தால் ஷட்டர் 1/3200-க்குப் போக வேண்டும். ஆனால் பெரும்பாலான கேமராக்கள் 1/200 அல்லது 1/250 வரைதான் ஃபிளாஷோடு சேர்ந்து வேலை செய்யும். அதைத் தாண்டினால் படத்தில் ஒரு பக்கம் கறுப்புப் பட்டை விழும்.

இதற்கு இரண்டு வழி. ஒன்று, ஹை ஸ்பீட் சிங்க். ஃபிளாஷ் ஒரே வெட்டாக மின்னாமல் படபடவென்று தொடர்ந்து துடிக்கும். ஷட்டரின் சின்ன இடுக்கு சென்சார் மேல் ஓடி முடிக்கும்வரை துடித்துக்கொண்டே இருப்பதால், வெளிச்சத்தில் பெரும்பகுதி வீணாகும். பேட்டரி கரையும், ட்யூப் சூடாகும். சித்திரை வெயிலில் தொடர்ந்து ஃபுல் பவரில் அடித்தால் சூட்டுப் பாதுகாப்பு வேலை செய்து லைட்டே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

இன்னொன்று, லென்ஸ் முன்னால் 4 ஸ்டாப் என்டி ஃபில்டர் மாட்டுவது. ஷட்டர் 1/200-லேயே நிற்கும். ஃபில்டர் 4 ஸ்டாப் குறைக்கும், எஃப் 11-லிருந்து 2.8-க்குத் திறந்ததில் அதே 4 ஸ்டாப் திரும்பக் கிடைக்கும். அதனால் ஃபிளாஷுக்குக் கூடுதல் பாரம் இல்லை. லைட்டை மாற்றுவதற்குப் பதில் ஒரு நல்ல ஃபில்டர் வாங்கினாலே பலருடைய பிரச்சினை தீர்ந்துவிடும். இருட்டான ஃபில்டரில் சில பழைய கேமராக்கள் ஃபோகஸ் தேடும் என்பது மட்டும் குறை.

(2023-ல் அறிமுகமான சோனி ஏ9 III, குளோபல் ஷட்டர் என்பதால் 1/80000 வரை ஃபிளாஷோடு ஒத்துப்போகும். விலையைக் கேட்டால் இந்தப் பத்தி அடைப்புக்குறிக்குள் இருப்பதன் காரணம் புரியும்.)

பட்டு வேட்டியும் டிடிஎல்-லும்

டிடிஎல் என்பது ஃபிளாஷ் சக்தியைக் கேமராவே முடிவு செய்யும் வசதி. இதற்காகவே கூடுதல் விலை கொடுப்பவர்கள் உண்டு. கேமரா எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறமாக நினைத்துக்கொள்ளும். மாப்பிள்ளை வெள்ளை வேட்டி சட்டையில் ஃப்ரேமை நிரப்பி நின்றால், "ஐயோ வெளிச்சம் அதிகம்" என்று ஃபிளாஷைக் குறைத்துவிடும், முகம் இருண்டுவிடும். ரிசப்ஷனில் கறுப்பு கோட் போட்டால் நேர் எதிராக நடக்கும். ஆளுக்கு ஆள் தூரம் மாறும் மண்டபக் கூட்டத்தில் டிடிஎல் உதவும். ஜோடி ஓர் இடத்தில், லைட் ஓர் இடத்தில் நிற்கும் அவுட்டோரில் மேனுவலில் ஒருமுறை செட் பண்ணிவிட்டால் நூறு படமும் ஒரே மாதிரி வரும்.

ஜரிகை தனிப் பிரச்சினை. காஞ்சிப் பட்டின் ஜரிகையும் வியர்த்த நெற்றியும் நேரடி ஃபிளாஷில் வெள்ளைத் திட்டுகளாகத் தெறிக்கும். இதைக் குறைப்பது லைட்டின் சக்தியல்ல, லைட்டின் அகலம். 90 செ.மீ. சாஃப்ட்பாக்ஸைப் பக்கவாட்டில் கிட்டே வைத்தால் மாநிறமும் கறுப்பும் அதனதன் அழகோடு வரும். முகத்தை வெளுப்பாகக் காட்ட பவரை ஏற்றி அடிக்கும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. அதில் போவது கன்னத்தின் வடிவமும், மூக்குத்தியின் மினுக்கமும், அந்தப் பெண்ணின் சொந்த நிறமும்தான்.

மாலையில் எடுக்கும்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஃபிளாஷின் நிறம் சுமார் 5,600 கெல்வின், அதாவது நடுப்பகல் வெள்ளை. சூரியன் சாயும்போது சுற்றிலும் எல்லாம் பொன்னிறம். ஜோடி மட்டும் நீல வெள்ளையில், வெட்டி ஒட்டியது போலத் தெரிவார்கள். நாடக மேடைக்கு விற்கும் ஆரஞ்சு ஜெலட்டின் பேப்பர் போலவே, ஃபிளாஷுக்கான 'சிடிஓ' ஜெல் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். அதை மாட்டினால் சரியாகிவிடும்.

பேட்டரிதான் முக்கியம்

ஏடி200 ப்ரோ ஒரு சார்ஜில் ஃபுல் பவரில் சுமார் 500 முறை மின்னும் என்கிறது கம்பெனி. ஏடி600 ப்ரோ சுமார் 360. இது புது பேட்டரிக்கான கணக்கு. வருஷம் ஆக ஆகக் குறையும். ஒரு ஃபிளாஷுக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி ஏடி200 ப்ரோவில் அதிகபட்சம் 1.8 நொடி, ஏடி600 ப்ரோவில் 0.9 நொடி. தேய்ந்த பென்சில் பேட்டரி போட்ட ஸ்பீட்லைட்டில் இது பல நொடிகள் இழுக்கும். மணமகள் சிரித்து முடித்த பிறகு லைட் ரெடியாகும்.

ஏடி200 ப்ரோ பேட்டரி சுமார் 42 வாட்-ஹவர், ஏடி600 ப்ரோ பேட்டரி சுமார் 75. விமானத்தில் 100 வாட்-ஹவர் வரை தடையில்லை என்பதால் இரண்டையும் எடுத்துப் போகலாம். ஆனால் கழற்றிய பேட்டரி கைப்பையில்தான் இருக்க வேண்டும், செக்-இன் பெட்டியில் போடக் கூடாது. சிங்கப்பூர், மலேசியா கல்யாண ஆர்டர் எடுப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

ட்ரிக்கர் விஷயத்தில் ஒரு சின்ன எச்சரிக்கை. முகூர்த்த நாளில் ஒரே இடத்தில் மூன்று, நான்கு டீம் ஷூட் செய்யும். எல்லோரிடமும் ஒரே கம்பெனி லைட், எல்லோரும் பெட்டியிலிருந்து எடுத்தபடியே சேனல் 1. ஒருவர் கிளிக் செய்தால் இன்னொருவர் லைட் மின்னும், பேட்டரி தீரும். சேனலையும், ஐடி வசதி இருந்தால் அதையும் மாற்றி வைப்பது ஒரு நிமிட வேலை. பழைய ஆப்டிகல் ஸ்லேவ் முறை இன்னும் மோசம். யார் ஃபிளாஷ் அடித்தாலும் அது கூடவே அடிக்கும்.

காற்று, கூட்டம், அனுமதி

மலையடிவாரத் திறந்தவெளியில் சாஃப்ட்பாக்ஸ் என்பது பாய்மரம். ஸ்டாண்ட் சாய்ந்தால் ட்யூப் உடைவது இருக்கட்டும், கீழே யார் தலையில் விழும் என்பதுதான் கவலை. மணல் மூட்டையோ, தண்ணீர் நிரப்பிய கேனோ ஸ்டாண்டில் தொங்க வேண்டும். கூடவே பிடித்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். ஒரு கிலோவுக்கும் குறைவான 200 வாட் லைட்டைக் கம்பில் மாட்டி உதவியாளர் கையிலேயே பிடித்துவிடலாம். 3 கிலோ வரும் 600-ஐ அப்படிப் பிடித்து அரை மணி நேரம் நிற்கச் சொல்வது பாவம்.

பௌர்ணமியன்று லட்சக்கணக்கானோர் வெறுங்காலோடு நடக்கும் பாதை இது. அன்று ஸ்டாண்ட் நிறுத்த நினைக்கவே வேண்டாம். பாதையோரச் சாதுக்களைக் கேட்காமல் முகத்தில் ஃபிளாஷ் அடிப்பதும் கூடாது. அவர்கள் அங்கே வாழ்பவர்கள், பின்னணி அலங்காரம் இல்லை. கோயிலுக்குள் படமெடுப்பதும் தனி விஷயம். தமிழகக் கோயில்களுக்குள் செல்போனுக்குத் தடை விதிக்க 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. கோயில் நிர்வாகத்தின் அனுமதி இல்லாமல் லைட்டோடு உள்ளே போக முடியாது. மலைப்பகுதி வனத்துறை கட்டுப்பாட்டில் இருப்பதால் அங்கேயும் அனுமதி வேண்டும்.

கடைசியில் எதை வாங்கலாம்?

புதிதாகத் தொடங்குபவருக்கு 200 வாட் வகையில் ஒன்று, கூடுதல் பேட்டரி ஒன்று, 90 செ.மீ. சாஃப்ட்பாக்ஸ், கனமான ஸ்டாண்ட். வேலை பெருகும்போது 600-க்குத் தாவுவதை விட இன்னொரு 200 வாங்குவது புத்திசாலித்தனம். இரண்டையும் சேர்த்தால் 400. ஒன்று பாதியில் செத்தாலும் இன்னொன்று இருக்கும். முகூர்த்தம் இரண்டாம் முறை வராது, இல்லையா? பெரிய குடும்பப் படமும் உச்சி வெயிலும் வருஷத்தில் சில நாள்தான் என்றால், அந்த நாளுக்கு மட்டும் 600-ஐ வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். வாரம் இரண்டு முறை அதே வேலை என்றால் தாராளமாக வாங்கலாம்.

பில் இல்லாமல் சில ஆயிரம் குறைத்துத் தரும் இறக்குமதிப் பெட்டிகளில் கவனம் தேவை. வாரன்டி அட்டையில் உள்ள சீரியல் எண்ணும் லைட்டின் அடியில் உள்ள எண்ணும் ஒன்றா என்று கடையிலேயே பார்க்க வேண்டும். ட்யூபும் பேட்டரியும் தனியாகக் கிடைக்கிறதா, விலை என்ன, சர்வீஸ் சென்டர் எங்கே என்று கேட்க வேண்டும். பிறகு பேட்டரியை மாட்டி, ஃபுல் பவரில் தொடர்ந்து 20 முறை அடித்துப் பார்க்க வேண்டும். இடையில் ஒன்று தவறினாலோ வெளிச்சம் கூடிக் குறைந்தாலோ, வேறு பெட்டியை எடுக்கச் சொல்லலாம்.